அம்பாசடருக்கு ஆயில் மாற்றியது யார்?

அத்தியாயம் 6

"என் மானம் இந்த பாட்டில்லதான் இருக்குதுக்கா" என்று சொல்லி, தங்கராசு ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை மேசை மேல் வைத்தார்.

இளவரசன் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பாக ஏதோ ஆடியது.

"பரவால்லண்ணா. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குது."

அமிர்தவல்லி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். மூன்று வருஷமாக அவரிடம் வேலை பார்க்கும் இளவரசனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? வாய் அவன் பேச்சைக் கேட்டால்தானே.

திண்டிவனம் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அமிர்தவல்லி துப்பறியும் நிலையம். அம்மணி செஞ்சி கோர்ட்டில் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். ஊர் ஜனம் கூண்டில் ஏறிச் சொன்ன பொய்களை எல்லாம் நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை வேகத்தில் அடித்துத் தள்ளியவர். ஒரு நாள் போதும் என்று தோன்றியது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து போர்டு மாட்டிவிட்டார். இளவரசன் அவருக்கு உதவியாளன், போட்டோகிராபர், ஸ்கூட்டர் டிரைவர். அம்மணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

தங்கராசு கூட்டு ரோடு அருகே மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர்.

"பத்மகுமார் நயினார் இருக்காரில்ல, மணிலாக்கொட்டை மண்டிக்காரரு? அவரோட அம்பாசடர் தொண்ணூத்தியொண்ணு மாடலு. இருபத்தஞ்சி வருஷமா அதுல என் கைதான் படுது. கார்த்திக தீபத்துக்கு மறுநாள் ஆயில் மாத்துனேன். 20-50 ஊத்துனேன், என் பொண்ணு மேல சத்தியமா. நேத்து மத்தியானம் வல்லத்துலருந்து வர்றப்ப ஆயில் லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிருக்குது. இன்ஜின்ல டக்கு டக்குனு சத்தம். நேரா ஷெட்டுக்கு வந்துட்டாரு. டிப் ஸ்டிக்க உருவுனா தண்ணி மாரி ஓடுது. நல்ல ஆயில் ஊத்துறேன்னு சொல்லி மட்டமானத ஊத்திட்டியேடான்னு பத்து பேரு எதிர்ல கேட்டுட்டாருக்கா."

"கேட்டா கேட்டுட்டுப் போறாரு" என்றான் இளவரசன்.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மண்டிக்காரங்க கூட்டம். பதினோரு மண்டி வண்டிங்களும் என் ஷெட்டுலதான் வேலைக்கு நிக்குது. இனிமே அங்க வுடாதீங்கன்னு எழுந்து சொல்லப் போறாராம். அவரு பொய் சொல்றவரு இல்லன்னு ஊருக்கே தெரியும். அதான் எனக்கு வினையே."

அமிர்தவல்லி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

"ஆயில்ல கெட்டி, மெல்லிசு எப்டி கண்டுபிடிப்பீங்க?"

"ஒரு கண்ணாடி குடுங்க."

சுவரில் இருந்த ஒரே கண்ணாடி, அம்மணியின் தட்டச்சு உயர்நிலை சான்றிதழுக்குப் போட்ட பிரேம். ஒரு விநாடி தயங்கிவிட்டு அதைக் கழற்றிக் கொடுத்தார். தங்கராசு பிரேமைச் சாய்த்துப் பிடித்து, மேல் ஓரத்தில் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு வைத்தார். பையிலிருந்த புது கேனைத் திறந்து பக்கத்தில் இன்னொரு சொட்டு. பாட்டில் சொட்டு சரசரவென்று இறங்கி அம்மணியின் பெயரைத் தாண்டி மேசையில் விழுந்தது. கேன் சொட்டு அப்போதுதான் அரசு முத்திரையைத் தொட்டிருந்தது.

"ஓடுறது நயினார் வண்டியில இருந்தது. நவுர மாட்டேங்கிறது 20-50. முன்னாடி நம்பரு குளிருக்கு, பின்னாடி நம்பரு சூட்டுக்கு. பழைய இன்ஜின்ல பேரிங்கு எல்லாம் தேஞ்சி நடுவுல சந்து வுழுந்திருக்கும்க்கா. கெட்டி ஆயிலுதான் சூடேறினாலும் அந்தச் சந்துல நிக்கும். மெல்லிசு ஓடிப் பூடும். பிரஷர் எறங்கி லைட்டு எரியும்."

"அப்ப இது கலப்படமா?"

"அதுதான் இல்ல. மோந்து பாருங்க, சுத்தமான சரக்கு. 5-30ன்னு புது வண்டிங்களுக்கு ஊத்துறது. 20-50 விட வெல ஜாஸ்தி."

அமிர்தவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏமாத்துறவன் எதுக்கு வெல ஜாஸ்தியானத ஊத்துறான்?"

"இதத்தான் நானும் நேத்துலருந்து கத்தினு இருக்கேன். யாரு காதுல வுழுவுது?"

"கஷ்டப்பட்டு நஷ்டத்துல திருடியிருக்கான் ஒருத்தன்" என்றான் இளவரசன். "இந்த மாரி திருடன் ஊருக்கு நாலு பேரு இருந்தா நல்லாருக்கும்."

வேர்க்கடலை மண்டிக்காரர் பத்மகுமார் நயினாரின் வீடு கடைவீதிக்குப் பின்தெருவில். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, அளந்து பேசும் பேச்சு. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மகன் அஜித்நாதன் பெங்களூரில் வேலை. டிரைவர் கிடையாது, வண்டியை நயினாரே ஓட்டுகிறார். பின்கட்டில் ஓடு போட்ட கொட்டகையில் நின்றது அம்பாசடர். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் முகம் தெரிகிற மாதிரி துடைத்து வைத்திருந்தார்.

"விசாரிக்கணும்னா விசாரிங்கம்மா. எனக்கு யார் மேலயும் கோவமில்ல. ஆனா கண்ணால பாத்தத சொல்லாம இருக்க முடியாது" என்றார்.

"ஆயில் தவிர வேற எதனா கோளாறு?"

"ஏன் இல்ல? ரெண்டு வாரமா பெட்ரோல் ஜாஸ்தியா குடிக்குது. உள்ள மாட்டியிருக்கிற, பின்னால பாக்கிற கண்ணாடி தானா கீழ எறங்கிப் போயிடுது. தெனம் நான் தூக்கி வைக்கிறேன், மறுநாள் பாத்தா திரும்ப எறங்கியிருக்குது. தங்கராசு எதையோ லூசா வுட்டுட்டான்."

"நல்லதா ஒண்ணு கூடவா இல்ல?" என்று கேட்டான் இளவரசன்.

நயினார் யோசித்தார். உண்மை பேசுகிற மனுஷர், எதிராளிக்குச் சாதகமானதையும் சொல்லியே தீரவேண்டும் அவருக்கு. "ஒண்ணு இருக்குது. முன்னெல்லாம் மார்கழியில நாலு தடவ கர்ர் கர்ர்னு இழுத்துதான் ஸ்டார்ட் ஆவும். பக்கத்து வூடே எழுந்துக்கும். இப்ப ஒரே தடவையில எடுத்துக்குது."

"வண்டிய எத்தன மணிக்கு எடுப்பீங்க?"

"பத்து மணிக்கு. அதுக்கு முன்னாடி எடுக்கிற பழக்கமில்ல. காலையில ஆறு மணிக்கு மாடியில சாமாயிகத் தியானத்துல உக்காருவேன். நாப்பத்தெட்டு நிமிஷம். கண்ணத் தொறக்க மாட்டேன், பேச மாட்டேன், எடத்த வுட்டு எழுந்துக்க மாட்டேன்."

"நடுவுல திருடன் வந்தா?"

"வரட்டும். ஆறு நாப்பத்தெட்டுக்குக் கேப்பேன்."

அமிர்தவல்லி பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது என்பது இளவரசனுக்குத் தெரியும். ஆனாலும் ஜோசியர் ஜாதகத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். கூடவே வந்திருந்த தங்கராசு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்துக் கொடுத்தார். அதன் மரையில் என்னவோ சிக்கியிருந்தது. அம்மணி தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அதைக் கிளப்பினார். ஒரு அங்குல நீளத்துக்கு வெள்ளை நூல்.

"உங்க ஷெட்டுல எதுல கை தொடைப்பீங்க?"

"பனியன் வேஸ்ட்டுக்கா. மஞ்சளு, செவப்பு, பச்சன்னு கலர் கலரா இருக்கும். வெள்ள மட்டும் வாங்க மாட்டேன், ஒரு நாள்ல கரியாயிடும்."

அந்த நேரம் நயினாரின் மனைவி சுதர்சனா தட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. இளவரசன் டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தான். அம்மணி குடிக்கவில்லை. சுதர்சனா வந்த வழியையே அம்மணி பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்துக் குழாயின் வாயில் வெள்ளைத் துணி இரண்டாக மடித்துக் கட்டியிருந்தது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஜீவன் இருந்தால் அதுவும் சாகக் கூடாது என்று வடிகட்டிக் குடிக்கிற சமணக் குடும்பம்.

இளவரசனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அம்மணியை ஓரமாக இழுத்துப் போனான்.

"அக்கா, கேஸ் முடிஞ்சிது. பையன்தான். பெங்களூர்லருந்து லீவுக்கு வந்தவன் புது வண்டி ஆயில வாங்கினு வந்து அப்பன் வண்டிக்கு ஊத்திட்டுப் பூட்டான். பழக்க தோஷத்துல துணியில வடிகட்டி ஊத்தியிருக்கான். எப்டி?"

"வடிகட்டினது வரைக்கும் சரி. நல்லா வந்துட்டே" என்றார் அம்மணி. "ஹால்ல பையன் போட்டோ பாத்தியா? அப்பாவ விட ஒசரம். அவன் உக்காந்தா கண்ணாடிய மேல தூக்குவானா, கீழ எறக்குவானா?"

இளவரசன் எட்டி வண்டிக்குள் இருந்த கண்ணாடியைப் பார்த்தான்.

"பெங்களூர்ல இருந்துகினு இங்க தெனம் பெட்ரோல் எப்டி குடிப்பான்? இன்னொண்ணு யோசி. பத்து மணிக்கு வண்டி எடுக்கிறவருக்கு நாலு தடவ இழுத்தா இன்னா, அஞ்சு தடவ இழுத்தா இன்னா? சத்தமில்லாம ஒரே தடவையில ஸ்டார்ட் ஆவணும்னு யாருக்கு அவசியம்? காலங்காத்தால, மாடியில ஒருத்தர் கண்ண மூடிக்கினு இருக்கிறப்ப வண்டி எடுக்கிறவங்களுக்கு."

இளவரசன் மெதுவாகத் திரும்பி, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகும் அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தான். பிறகு அவ்வளவு பெரிய அம்பாசடரைப் பார்த்தான்.

"இந்த வண்டியில ஸ்டியரிங்க திருப்புறதுக்கே ரெண்டு ஆளு வேணும்க்கா!"

"ஆமா. அதனாலதான் யாரும் சந்தேகப்படல."

அம்மணி நயினாரிடம் போய், சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "வண்டியில இருந்து எறக்கின பழைய ஆயில பொதுவா இன்னா பண்ணுவாங்க?"

"சாக்கடையில ஊத்துவானுங்க, இல்ல மண்ணுல கொட்டுவானுங்க" என்று நயினார் முகத்தைச் சுளித்தார். "எவ்ளோ எறும்பு, எவ்ளோ புழு சாவும்? பாவம்."

அம்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆயிலை வடிகட்டி ஊற்றிய கை, பழைய ஆயிலை மண்ணில் கொட்டியிருக்காது. அப்படியானால் தங்கராசு ஊற்றிய ஆயில் இன்னும் இந்த வீட்டிலேயே இருக்கிறது.

தங்கராசுவை நயினாரோடு விட்டுவிட்டு, இளவரசனைக் கூட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனார். சாமான் அறை வாசலில் சுதர்சனா நின்றிருந்தார். நகரவில்லை.

"அம்மா, அந்த டின்ன நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா நல்லது."

சுதர்சனா வாசலை விட்டு விலகினார். பிறகு உள்ளே போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நல்லெண்ணெய் டின்னைத் தூக்கி வந்தார். எறும்பு விழாமல் வாயில் துணி கட்டியிருந்தது. இளவரசன் துணியை அவிழ்த்து, குச்சியை விட்டு எடுத்தான். கறுத்த ஆயில் குச்சியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது.

"20-50" என்றான். அவனுக்கே தெரியாமல் குரல் இறங்கிவிட்டது.

"வண்டிக்கு அடியில நீங்களேவாம்மா படுத்தீங்க?" என்றும் அவனே கேட்டான்.

"அம்பாசடர் அடியில ஒரு குடும்பமே படுக்கலாம்ப்பா" என்றார் சுதர்சனா. "எங்க பொறந்த வூட்டுல நைனா எண்ணெய்ச் செக்கு வெச்சிருந்தாரு. போல்ட்டு கழட்டுறது எனக்குப் புதுசில்ல. போன்ல வீடியோ பாத்தேன். மெல்லிசு ஆயிலு குளுருல சீக்கிரம் எடுத்துக்கும்னு அதுல ஒருத்தன் சொன்னான். சூட்டுல இப்டி ஆவும்னு அவன் சொல்லலியே."

"எதுக்கும்மா இவ்ளோ ரகசியம்?" என்று கேட்டார் அம்மணி.

சுதர்சனா மாடிப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "போன தை மாசம் தொண்டூர்லருந்து வர்றப்ப அவருக்கு மார்வலி. வண்டிய ஓரமா நிறுத்திட்டு ஸ்டியரிங் மேல சாஞ்சிட்டாரு. சாவி கண்ணெதிர்ல தொங்குது, எனக்கு ஓட்டத் தெரியல. முக்கா மணி நேரம். ஒரு பால் வேன் வந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்ல வேள பொழச்சாரு. அப்புறம் கேட்டேன், நான் கத்துக்கிறேன்னு. இந்த வயசுல உனக்கெதுக்குன்னு சிரிச்சாரு. பக்கத்து வூட்டு ராஜாம்பாள் டீச்சர்கிட்ட லைசென்ஸ் இருக்குது. அவங்கதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. வியாழக்கிழம எனக்கு டெஸ்ட்டு. அதுவரைக்கும் சொல்லாதீங்கம்மா."

மணி நாலு இருபது. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். தங்கராசுவுக்கு இருப்பது நாற்பது நிமிஷம்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் அம்மணி. "ஆனா அங்க ஒரு மனுஷன் பண்ணாத தப்புக்குத் தலை குனிஞ்சி நிக்கிறாரு. அத நீங்களே யோசிங்க."

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டு நயினாரே வந்து நின்றார். பின்னால் தங்கராசு. நயினார் டின்னைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் முகம் காது மடல் வரை சிவந்து போனது.

"சரி" என்றார் கடைசியில். "கூட்டத்துல நான் எதுவும் பேசல. வூட்டு விஷயம் வூட்டோட இருக்கட்டும்."

"அது போதாதுங்க" என்றார் அமிர்தவல்லி. "பத்து பேரு எதிர்ல சொன்னது நேத்தே ஊரு பூரா போயாச்சு. நீங்க வாய மூடிக்கினா, சொன்னது உண்மைன்னு ஆயிடும்."

"என் பொண்டாட்டி எனக்குத் தெரியாம விடியக்காலையில வண்டி ஓட்டினு போனான்னு மண்டியில எழுந்து நின்னு சொல்லச் சொல்றீங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடந்தே போய்விட்டார். தங்கராசு தலையைக் குனிந்தபடி அவர் பின்னால் போனார். இளவரசனுக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல்லவே மாட்டாராம், உண்மையையும் சொல்ல மாட்டாராம். இது என்ன கணக்கு?

சுதர்சனா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "தம்பி, அந்த டின்ன தூக்கிப் பின் சீட்டுல வையி. அம்மா, நீங்க முன்னாடி உக்காருங்க."

"ஓட்டுறது யாரு?" என்றான் இளவரசன்.

"அதுக்குத்தான் இந்த ரெண்டு வாரமா பாடுபட்டேன்."

பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குக் கீழே இறக்கிக்கொண்டார். முதுகுக்கு ஒரு தலையணை. சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. இளவரசன் மடியில் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான், சாமாயிகம் அவனுக்கும் வந்துவிடும் போலிருந்தது. கடைவீதியில் எதிரே வந்த டவுன் பஸ் ஒதுங்கியது. கரும்பு வண்டி ஒதுங்கியது. ஒரு ஆடு மட்டும் ஒதுங்கவில்லை. சுதர்சனா வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், அது போகும் வரை காத்திருந்தார். பின்னால் நின்ற ஒன்பது வண்டிக்காரர்கள் அவர் சார்பில் அடித்தார்கள். ஆயில் லைட்டு மினுக்கத் தொடங்கியபோது மண்டி கேட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

கூட்டம் அப்போதுதான் உட்கார்ந்திருந்தது. அம்பாசடரைப் பார்த்து எல்லோரும் திரும்பினார்கள். ஓட்டி வந்தது யார் என்று பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள். சங்கத் தலைவர் கோதண்டராமன் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டு போன கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

சுதர்சனா இறங்கி, டின்னை வாங்கி அவர்கள் நடுவில் வைத்தார்.

"தங்கராசு ஊத்துன ஆயில் இதான். சரியான ஆயிலு. வண்டி ஓட்டக் கத்துக்கிறதுக்காக இத எறக்கிட்டு வேற ஊத்துனது நானு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

ஒரு வார்த்தையைக்கூட விழுங்காமல் சொன்னார். அம்மணியின் கண் கலங்கியதை இளவரசன் பார்த்தான், அதைக் கிண்டல் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை.

"இன்னா நயினாரே, அம்மா சொல்றது நெசமா?" என்றார் கோதண்டராமன்.

பத்மகுமார் எழுந்தார். தங்கராசுவின் எதிரே போய் நின்று கையைக் கூப்பினார். "நெசம். நேத்து நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுப்பா."

தங்கராசு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்ததும் மறுகணமே மெக்கானிக் ஆகிவிட்டார். "இப்பவே ஷெட்டுக்கு எடுத்தாங்க நயினாரே, இந்த ஆயிலோட ஓட்டினா இன்ஜின் போயிடும். 15-50 ஊத்துறேன். முன்னாடி நம்பரு சின்னது, காலையில அம்மாவுக்கு. பின்னாடி நம்பரு பெருசு, மத்தியானம் உங்களுக்கு."

நயினார் பழக்கத்தில் டிரைவர் கதவுப் பக்கம் போனார். சாவி சுதர்சனா கையில் இருந்தது. அது அவரிடம் வரவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டார் மெதுவாக.

"அதான் இன்னும் சரியா வரல."

"சரி எடு. நான் சொல்றேன்."

அவர் மட்டுமா சொன்னார்? மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். "லெப்ட்ல ஒடிங்கம்மா!" "ரைட்டு, ரைட்டு!" "வரட்டும் வரட்டும்!" "சுவரு, சுவரு!" கோதண்டராமன் டீ டம்ளரோடு கையை ஆட்டியதில் பாதி டீ இளவரசன் சட்டையில் விழுந்தது. பக்கத்து சீட்டிலிருந்து நயினார் எல்லோரையும் விடச் சத்தமாக, "பிரேக்கு! பிரேக்கு!" என்றார்.

சுதர்சனா வண்டியை நிறுத்தினார். ஜன்னல் கண்ணாடியைக் கடைசி வரை ஏற்றினார். பக்கத்தில் திரும்பி, "நாப்பத்தெட்டு நிமிஷம் வேணாம். நாலு நிமிஷம் பேசாம இருங்க" என்றார்.

நயினார் கண்ணை மூடிக்கொண்டார். அம்பாசடர் நேராகப் பின்னால் வந்து, எதிலும் உரசாமல், கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கியது.